காபிக்கும் ஊர் உண்டு

ஊத்துக்குளி என்றால் வெண்ணெய். உடன்குடி என்றால் கருப்பட்டி. பண்ருட்டி என்றால் பலா, சேலம் என்றால் மாம்பழம், மணப்பாறை என்றால் முறுக்கு. நம் ஆட்கள் எதை வாங்கினாலும் முதலில் ஊரைக் கேட்பார்கள். சிறுமலைப் பழம் என்று சொல்லி வேறு பழத்தைக் கொடுத்தால் தெருவே கேட்கிற மாதிரி சண்டை போடுவார்கள். அப்படிப்பட்ட நாம், காலையில் கண் விழித்ததும் கை நீட்டி வாங்குகிற காபி எந்த ஊரில் விளைந்தது என்று மட்டும் கேட்பதில்லை.

கடையில் நாம் கேட்பது என்ன? "பீபெரி பாதி, பிளாண்டேஷன் ஏ பாதி, சிக்கரி இருபது." என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் இது மனப்பாடம். இதில் பீபெரி என்பது ஊர் அல்ல. காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டைகள் தட்டையான முகங்கள் ஒட்டியபடி இருக்கும். சில பழங்களில் ஒன்று மட்டும் வளர்ந்து உருண்டையாகிவிடும். அதுதான் பீபெரி. பிளாண்டேஷன் என்றால் பழத்தின் தோலை உரித்து, கழுவி, காயவைத்த அராபிகா. ஏ, பி, சி என்பதெல்லாம் சல்லடையில் சலித்துப் பிரித்த அளவு. ஆக, காலமெல்லாம் நாம் சொல்லிவந்தது கொட்டையின் வடிவமும் பருமனும்தான். அது குடகில் விளைந்ததா, ஏற்காட்டில் விளைந்ததா, வால்பாறையில் விளைந்ததா என்பது கடைக்காரருக்கும் தெரியாது. அவருக்கு விற்றவருக்கும் தெரியாது.

ஏன் தெரியாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. எனக்கு அது வங்கி வேலையில் தெரியவந்தது.

1983-ல் எனக்கு ஓர் அரசுடைமை வங்கியில் விவசாய அதிகாரியாக வேலை. வத்தலக்குண்டு பக்கம் போட்டார்கள். அப்போது திண்டுக்கல் தனி மாவட்டம் ஆகவில்லை. எல்லாம் மதுரை மாவட்டம்தான். பட்டிவீரன்பட்டி, அய்யம்பாளையம், பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடி வரைக்கும் என் எல்லை. வாரத்தில் இரண்டு நாள் மலைக்குப் போயாக வேண்டும். கீழே புழுதியும் வெயிலுமாக இருக்கும். பஸ் பத்து வளைவு ஏறியதும் காது அடைத்துக்கொள்ளும், ஜன்னலில் குளிர்காற்று வரும். அடுத்த வளைவில் காபிச் செடி தெரிய ஆரம்பிக்கும்.

காபித் தோட்டம் என்றால் சினிமாவில் வருகிற தேயிலைத் தோட்டம் மாதிரி மொட்டைச் சரிவு என்று நினைக்கக்கூடாது. அது ஒரு காடு. மேலே சில்வர் ஓக், பலா, கல்யாண முருங்கை. அந்த மரங்களில் மிளகுக் கொடி. நடுவில் மலை வாழை, ஆரஞ்சு. எல்லாவற்றுக்கும் கீழே நிழலில் காபி. ஆள் உயரத்துக்கு மேல் போகாமல் கவாத்து செய்து வைத்திருப்பார்கள். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழ வேண்டும். அதற்குப் பெயரே பூ மழை. மழை விழுந்து எட்டுப் பத்து நாளில் கிளையெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகை வாசம் மலை முழுக்க அடிக்கும். இரண்டு மூன்று நாளில் பூ வாடிவிடும். அந்த இரண்டு மூன்று நாளில்தான் அந்த வருஷத்துக் கடன் வசூலாகுமா ஆகாதா என்பது எனக்குத் தெரியும்!

கடன் வசூல் என்றதும் 'பூல்' கணக்கு ஞாபகம் வருகிறது. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை மூடிப்போய், நம் நாட்டுக் காபி விலையில்லாமல் தேங்கியது. அதைக் காப்பாற்ற 1942-ல் ஒரு சட்டம் வந்தது. காபி வாரியம் அமைந்தது. விவசாயி தன் காபியைத் தானே விற்க முடியாது. எல்லாவற்றையும் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டும். அதுதான் பூல். தரத்துக்கும் எடைக்கும் ஏற்ப புள்ளி போடுவார்கள். ஏலத்திலும் ஏற்றுமதியிலும் காபி விற்க விற்க, அந்தப் புள்ளிக்குத் தவணை தவணையாகப் பணம் வரும். இந்த வருஷக் காபிக்குக் கடைசித் தவணை வர அடுத்த வருஷம்கூட ஆகும்.

இந்த ஏற்பாட்டைக் குறை சொல்லவும் இடம் உண்டு, பாராட்டவும் இடம் உண்டு. மூன்று ஏக்கர் வைத்திருக்கிறவர், வியாபாரியிடம் பேரம் பேசத் தெரியாவிட்டாலும் ஏமாந்து போகாமல் இருந்தார். ஆனால் ஒன்று நடந்தது. நாலாயிரம் அடி உயரத்தில் பொறுமையாகப் பழுத்த கொட்டையும், கீழே அவசரமாகப் பழுத்த கொட்டையும் ஒரே தரமென்றால் ஒரே குவியலில் கலந்தன. பழுத்த பழமாகப் பொறுக்கி எடுத்தவருக்கு, தன் பெயருக்கென்று ஒரு மதிப்பு கிடைக்க வழி இல்லை. ஊர்ப் பெயர் அந்தக் குவியலோடு மறைந்துவிட்டது.

1991-ல் சோவியத் யூனியன் உடைந்தது. நம் காபியை நிறைய வாங்கிக்கொண்டிருந்த நாடு அது. அதையொட்டிப் பூல் முறையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். 1996-ல் விவசாயி தன் காபி முழுவதையும் தானே விற்றுக்கொள்ளலாம் என்று ஆனது. 1994-ல் பிரேசிலில் பனி விழுந்து காபி கருகியதால் விலை ஏறியிருந்த நேரம். மலையில் புது ஜீப்புகள் ஓடின. 2001, 2002-ல் உலக விலை தலைகுப்புற விழுந்தது. அதே ஜீப்புகள் விலைக்கு வந்தன.

இந்த இடத்தில்தான் இப்போது எல்லோரும் பேசுகிற 'சிங்கிள் ஆரிஜின்' வருகிறது. பேரன் பேத்திகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரே இடத்தில் விளைந்த, வேறு எதோடும் கலக்காத காபி என்று அர்த்தம். அந்த 'ஒரே இடம்' எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு நாடு முழுவதையும் ஒரே இடம் என்று சொல்லி விற்கிறவர்கள் உண்டு. ஒரு மலையைச் சொல்கிறவர்கள் உண்டு. ஒரு தோட்டத்தை, அந்தத் தோட்டத்தில் ஒரு பாத்தியைச் சொல்கிறவர்களும் உண்டு. இடம் சுருங்கச் சுருங்க விலை ஏறும். 'ஸ்பெஷாலிட்டி' என்பது இன்னொரு சங்கதி. பழகிய நாக்கு உள்ளவர்கள் வரிசையாகக் கிண்ணம் வைத்து உறிஞ்சிப் பார்த்து நூற்றுக்கு மார்க் போடுகிறார்கள். எண்பதும் அதற்கு மேலும் வாங்கினால் ஸ்பெஷாலிட்டி. எண்பது வாங்காத காபிக்கு ஊர் இருக்கலாம், அந்தப் பட்டம் இருக்காது.

ஊருக்கு ஊர் ருசி மாறுமா என்று கேட்டால், மாறும். உயரமும் குளிரும் கூடினால் பழம் மெதுவாகப் பழுக்கும், கொட்டை இறுகும், ருசியில் ஒரு துடிப்பு இருக்கும். மண், மழை, நிழல், செடி ரகம், பழத்தைக் காயவைத்த விதம் எல்லாம் சேரும். நம் நாட்டில் பழைய மதிப்புள்ள ரகம் எஸ்.795. 1940களில் பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. இலைத்துரு நோயை ஓரளவு தாங்கும் என்றுதான் அதைக் கொண்டுவந்தார்கள். இந்த இலைத்துருதான் 1869-ல் இலங்கையில் புகுந்து, அந்தத் தீவின் காபியை அழித்து, அதைத் தேயிலை நாடாக மாற்றியது.

நம் தேசத்தில் காபி வந்த கதையை எல்லோரும் கேட்டிருப்போம். பாபா புடன் என்ற பெரியவர் மெக்கா போய்த் திரும்பும்போது ஏமன் நாட்டிலிருந்து ஏழு கொட்டைகளை மறைத்து எடுத்துவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பார்கள். அந்த மலைக்கு இன்றும் அவர் பெயர்தான். நம் பக்கம் ஏற்காட்டுக்குக் காபி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். இன்று நாட்டின் காபியில் பத்தில் ஏழு பங்கு கர்நாடகம், இரண்டு பங்கு கேரளம். தமிழ்நாட்டின் பங்கு நூற்றுக்கு ஐந்தாறுதான். ஏற்காடு, கொல்லிமலை, நீலகிரி, ஆனைமலை, பழனி மலை என்று சிதறிக் கிடக்கிறது. ஆனால் நாடு முழுவதும் ரொபஸ்டா பெருகிவிட்ட காலத்தில், நம் மலைகளில் இன்னும் அராபிகாதான் அதிகம். 2019-ல் குடகு, சிக்கமகளூர், பாபாபுடன்கிரி, வயநாடு, அரக்கு என ஐந்து காபிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஐந்தில் நம்மூர்க் காபி ஒன்றும் இல்லை. அதே 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குக் கிடைத்தது. விருப்பாச்சி வாழைக்கு அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. பக்கத்து நிலத்துக் காபி பெயரில்லாமல் நிற்கிறது.

இதெல்லாம் ஏன் இப்போது எனக்கு முக்கியமாகப் படுகிறது என்றால், ஒரு குடும்பத்துக்காக.

தாண்டிக்குடிக்குக் கீழே நான்கு ஏக்கர் காபி வைத்திருப்பவர் அவர். பெயர் வேண்டாம். நான் கடன் கொடுத்த காலத்தில் நாற்பது வயது. இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். நான் ஓய்வு பெற்ற பிறகும் பொங்கலுக்குப் பொங்கல் போன் போட்டு "சார், சவுக்கியமா?" என்று கேட்பவர். மூத்த மகன் கோயம்புத்தூரில் வேலை. இளையவன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்து, கொரோனாவில் அது போய், மனைவி பிள்ளையோடு மலைக்கே திரும்பிவிட்டான். இதற்கு நடுவில் நிலத்துக்கு ஆள் வந்தது. ரிசார்ட் கட்டுகிறவர்கள். காபியில் இருபது வருஷம் சம்பாதித்தாலும் வராத தொகையைச் சொன்னார்கள். மூத்தவன் விற்றுவிடலாம் என்றான். அவன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கூலிக்கு ஆள் இல்லை, காட்டு மாடு இறங்குகிறது, தண்டுத் துளைப்பான் புழு விழுந்தால் பத்து வருஷத்துச் செடி ஒரே வருஷத்தில் போய்விடும்.

இளையவன் மனைவிதான் ஒரு வழி சொன்னாள். தாண்டிக்குடி காபி ஆராய்ச்சி நிலையத்தில் நடந்த பயிற்சிக்குப் போய்வந்த பெண். "மாமா, எல்லாத்தையும் ஒண்ணா மூட்டை கட்டி வியாபாரிகிட்ட போடாம, மேல் பாத்திய மட்டும் தனியா எடுத்துப் பாப்போம். ரெண்டு வெள்ளாமை பாத்துட்டு அப்புறம் வித்துக்குங்க" என்றாளாம். பெரியவர் எனக்குப் போன் போட்டார். "நீங்க கணக்குப் பாத்து சொல்லுங்க சார். நீங்க சொன்னா பெரியவன் கேப்பான்."

போனேன். இரண்டு நாள் தங்கினேன். அந்தப் பெண் செய்வதைப் பார்த்தேன்.

வழக்கமாகக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசிப் பழம் எடுப்பார்கள். அப்படி என்றால் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் ஒரே இழுப்பில் கூடைக்கு வரும். இவள் நாள் கூலி கொடுத்துச் சிவந்த பழத்தை மட்டும் எடுக்கச் சொல்கிறாள். ஒரே செடிக்கு நாலு தடவை வர வேண்டும். எடுத்த அன்றே தண்ணீரில் போட்டு மிதக்கிற பழத்தை நீக்குகிறாள். பல்ப்பரில் தோல் உரித்து, ஒரு ராத்திரி ஊறவைத்து, வழுவழுப்புப் போகக் கழுவுகிறாள். பிறகு தரைக் களத்தில் கொட்டாமல், கட்டில் மாதிரி உயரமாக வலை கட்டி அதில் பரப்பிக் காயவைக்கிறாள். இங்கேதான் நம் மலைக்கு ஒரு சோதனை. கர்நாடகத்தில் அறுவடைக் காலத்தில் பெரும்பாலும் நல்ல வெயில். நமக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழை. பழம் பழுக்கிற நேரமும் மழை கொட்டுகிற நேரமும் ஒன்று. மேகம் கறுத்ததும் தார்ப்பாயோடு மொத்தக் குடும்பமும் ஓடுகிறது. எண்பது வயதுப் பெரியவரும் ஓடுகிறார்.

கணக்குப் போட்டேன். ஏறத்தாழ ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ பச்சைக் கொட்டை. வறுத்தால் அதிலும் நூற்றுக்குப் பதினைந்து, இருபது எடை போகும். கடையில் நாம் பார்க்கிற கால் கிலோப் பொட்டலத்துக்குள் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் கிலோ பழம் இருக்கிறது. ஒவ்வொன்றும் கையால் பறித்தது. முதல் வருஷம் அவள் தனியாகப் பிரித்தது நூறு கிலோ கொட்டைதான். கோயம்புத்தூரில் காபி வறுத்து விற்கும் இளைஞர் ஒருவர் அதை வாங்கிக்கொண்டார். வியாபாரி கொடுப்பதைப்போல் ஒன்றரை மடங்கு விலை. கூடுதல் கூலி, வலை, தார்ப்பாய் எல்லாம் கழித்தால் மிச்சம் பெரிசில்லை. ஆனால் மிச்சம் இருந்தது. மொத்தக் காபியில் பாதியை இப்படிச் செய்ய முடிந்தால் இளையவன் திருப்பூருக்குத் திரும்ப வேண்டியதில்லை. ரிசார்ட்டுக்காரர் சொன்ன தொகைக்கு அது ஈடாகாது. இரண்டையும் ஒரே தாளில் எழுதி மூத்தவனுக்கு அனுப்பினேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அந்த வீட்டில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இளைஞர் வறுத்த காபியில் ஒரு பொட்டலத்தை அவர்களுக்கே அனுப்பியிருந்தார். மேலே மலையின் பெயர், ஊரின் பெயர், உயரம், ரகம், எல்லாவற்றுக்கும் கீழே பெரியவரின் பெயர். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயரை இரண்டு தடவை படித்தார். அறுபது வருஷம் காபி விளைவித்தவர். நல்லதெல்லாம் பூலுக்கும் வியாபாரிக்கும் போய்விடும். வீட்டில் குடிப்பது கீழே உதிர்ந்ததைப் பொறுக்கி, மண்சட்டியில் வறுத்து, இடித்துக் கருப்பட்டி போட்ட காபி. தன் தோட்டத்து முதல் தரக் கொட்டையை அவர் குடித்ததே இல்லை.

மருமகள் பால் விடாமல் போட்டுக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தார். எல்லோரும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"புளிக்குதே தாயி" என்றார்.

சிரித்துவிட்டோம். அவரும் சிரித்தார். ஆனால் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. மெதுவாக முழுவதையும் குடித்து முடித்துவிட்டு, "ஆரஞ்சு மரம் இருந்த பாத்திதானே இது?" என்று கேட்டார். அந்தப் பாத்திதான்.

எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். என் மனைவி அதை வழக்கமான பித்தளை பில்டரில் போட்டு, பாலும் சர்க்கரையும் சேர்த்தே கொடுத்தாள். "வாசனை நல்லா இருக்கு. ஆனா டிகாஷன் திக்கா இல்லையே" என்றாள். அவள் சொன்னதும் சரி. நாம் ரசித்துப் பழகிய அந்தக் கருப்புத் திக்குக்குச் சிக்கரியும் காரணம். அது குற்றமும் இல்லை. சட்டப்படி பாதிக்குக் கொஞ்சம் மேலே, 51 சதவீதமாவது காபி இருக்க வேண்டும். எவ்வளவு சிக்கரி என்று பொட்டலத்தில் போட வேண்டும். படித்துப் பார்த்து வாங்கினால் போதும். எங்கள் வீட்டில் இப்போது ஓர் ஏற்பாடு. காலைக் காபி பழையபடி. மூன்று மணிக் காபி மலைக்காபி. பால் கொஞ்சமாக.

உங்களுக்கும் ஒன்று சொல்வேன். தினமும் வேண்டாம், கட்டுப்படியாகாது. அந்தக் கால் கிலோ விலைக்கு நம் தெருமுனைக் கடையில் அரைக் கிலோ வாங்கலாம். வருஷத்தில் இரண்டு மூன்று பொட்டலம் வாங்கிப் பாருங்கள். அதில் வெறும் 'சிங்கிள் ஆரிஜின்' என்று மட்டும் இருந்தால் வைத்துவிடுங்கள். எந்த மலை, எந்தத் தோட்டம், என்ன ரகம், என்றைக்கு வறுத்தது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். வறுத்து ஒரு மாதத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும். கொட்டையாக வாங்கி, வேண்டியபோது அரைத்தால் நல்லது. முதல் வாய் புளிக்கத்தான் செய்யும். இரண்டாவது டம்ளர் வரைக்கும் பொறுங்கள்.

மூத்தவனிடமிருந்து பதில் வந்தது. இரண்டு வெள்ளாமை என்று தம்பி மனைவி கேட்டதற்கு, மூன்று பார்க்கலாம் என்று சொல்லிவிட்டான். ஒன்று முடிந்துவிட்டது. இந்த வருஷம் பூ மழை ஒரு வாரம் தள்ளிப் பெய்தது. பூத்திருக்கிறது என்று அந்தப் பெண் படம் அனுப்பியிருக்கிறாள். கார்த்திகையில் மழை கொஞ்சம் விட்டுக் கொடுக்க வேண்டும்.